சீர்த் தட்டில் வியர்த்த சோப்பு

ஆனையூர், மதுரை
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும், உன் தங்கச்சி தமிழ்ச்செல்வியும், மாப்பிள்ளை முத்திருளனும், அவர்கள் பாப்பாவும் சாமி புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தப் போலந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடி, காலுக்கு உறை போட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய், பஸ் வந்துவிட்டது, ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நீ சரிம்மா சொல்ல முடியாது. உன்னோடு வேலை பார்க்கும் மேலூர்த் தம்பி லீவு முடிந்து திரும்புகிறேன், ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா என்று வீடு தேடி வந்து கேட்டான், நல்ல பிள்ளை, காபி கூடக் குடிக்காமல் போகப் பார்த்தான், நான் விடவில்லை. அவன் பையில் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்து, அதற்கடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிச் சோப்பு வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருப்பது ஆட்டுப்பால் சோப்பு, மஞ்சளாக இருப்பது கஸ்தூரி மஞ்சள் போட்டது. இரண்டும் நானே செய்தவை. சிரிக்காதே. போன வாரம் வீடியோவில் நீ கையை ஆட்டிப் பேசும்போது பார்த்தேன், விரல் மூட்டெல்லாம் குளிரில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய், எனக்குக் கண் இல்லையா. இந்தச் சோப்புப் போட்டால் தோல் இழுக்காது. மேலே சுற்றியிருக்கும் பாலிதீன் தாளைக் குளிக்கப் போகும்போதுதான் பிரிக்க வேண்டும், முன்கூட்டியே பிரித்து வைக்காதே. அந்தத் தாளைப் பிரித்துத்தான் நான் பட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை, உப்பு ஜாடியில் கை விட்டால் சகதி மாதிரி இருக்கிறது. செக்கானூரணிப் பக்கம் நம் வயலில் நடவு முடிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மருந்து போடுங்கள் என்றால் பயிர் வளர்ந்தால் வலி போய்விடும் என்கிறார். கொல்லையில் கட்டியிருக்கும் வெள்ளாடு இரண்டும் சௌக்கியம், கறுப்பி குட்டி போட்டிருக்கிறது, அது பாப்பாவைக் கண்டால் துள்ளுகிறது, பாப்பா அதைக் கண்டால் துள்ளுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தும்போது எப்பாடு பட்டாவது வந்துவிடுவேன் என்று சொன்னவன் நீ. ஆவணியில் லீவு இல்லை என்றாய், ஐப்பசிக்குத் தள்ளினோம். ஐப்பசியிலும் இல்லை என்றாய். அதுகூடப் பரவாயில்லை, பிழைக்கப் போன இடம், முதலாளி விட்டால்தானே வர முடியும் என்று நானே உனக்காகப் பேசினேன். ஆனால் அதற்கு மேல் ஒன்று சொன்னாய் பார். பெரியப்பா மகன் வீரணன் அண்ணன்தான் ஊரிலேயே இருக்கிறாரே, அவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடுங்கள் என்று, ஏதோ கடையில் இந்தச் சோப்பு இல்லை என்றால் அந்தச் சோப்பைக் கொடுங்கள் என்பதுபோலச் சொல்லிவிட்டாய். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். நீ அதற்குப் பிறகும் மழை உண்டா, வெயில் உண்டா என்று பேசிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உன் நம்பரை எடுக்காமல் விட்டவள்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, அவன் பேரில் ஒரு தட்டுக்கூட மண்டபத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். தாய்மாமன் சீர் இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு காதுகுத்து உண்டா, நீயே சொல். அவள் புகுந்த வீட்டில் அவளுடைய மாமியார் சுந்தரம்மாள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் முகத்தை எங்கே வைப்பது. அதைவிட, எங்களுக்கு இருப்பதே நீங்கள் இரண்டு பேர். நாங்கள் போன பிறகு நீயும் அவளும் யாரோ எவரோ மாதிரி கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் அனுப்பிக்கொள்ளும் ஆட்களாக ஆகிவிடுவீர்களோ என்று பயந்தேன். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

சரி, மாமன்தான் வரவில்லை, தட்டாவது கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும், கடையில் கொலுசும் பட்டுப்பாவாடையும் வாங்கினால் போதாது, உன் இடத்தில் நின்று என் கையால் ஏதாவது செய்து வைத்தால் அவள் மனசு கொஞ்சம் இளகும் என்று எனக்கு ஒரு யோசனை. அப்போதுதான் போனில் சோப்பு செய்வதைப் பார்த்தேன். எல்லாரும் குழந்தைச் சோப்புப் பெட்டியைக் கடையில் வாங்கித்தான் தட்டில் வைக்கிறார்கள், நாம் நம் வீட்டிலேயே செய்து ஒரு தட்டு நிறைய அடுக்குவோம், வருகிற பொம்பளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுப்போம் என்று முடிவு பண்ணி, உன் அப்பாவை இழுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். அங்கே சோப்புச் சாமான் விற்கும் ஜமீல் பாய் கடை இருக்கிறது. சோப்பு பேஸ் என்று கட்டி கட்டியாக வைத்திருக்கிறார்கள், அது ஏற்கெனவே செய்து முடித்த சோப்புத்தான், வாசமும் நிறமும்தான் கிடையாது. காரம் கலக்கிற வேலையெல்லாம் அவர்களே முடித்துவிட்டார்கள், நாம் துண்டு போட்டு உருக்கி, வேண்டியதைக் கலந்து அச்சில் ஊற்றினால் போதும். அதில் ஆட்டுப்பால் பேஸ் என்று ஒன்று. உன் அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆட்டைக் கட்டிக்கொண்டு காசு கொடுத்து ஆட்டுப்பால் வாங்க வந்திருக்கும் ஒரே ஆள் நீதான் என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். ஜமீல் பாய் சிரித்துக்கொண்டே, இதில் பச்சையாக எதையும் ஊற்றிவிடாதீர்கள் அக்கா, பொடி மட்டும் போடுங்கள், செய்தவுடன் தாளில் சுற்றிவிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் தலையை நன்றாகத்தான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கறுப்பி கறந்த பால் கண்ணெதிரில் இருக்கும்போது பையில் வந்த ஆட்டுப்பாலை எப்படி நம்புவது. ஒரு டம்ளர் பாலை அப்படியே ஊற்றினேன். சின்னப் பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டி மேல் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, அதையும் கேட்கவில்லை, நேரமாகிறது என்று அடுப்பிலேயே வைத்துத் தீயைக் கூட்டிவிட்டேன். பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்து தரையில் இறங்கிவிட்டது. உன் அப்பா வாசலில் இருந்தபடியே பொங்கலோ பொங்கல் என்றார். மிச்சமிருந்ததை அச்சில் ஊற்றி வைத்தேன், வாரம் திரும்புவதற்குள் திரிந்த பால் நாற்றம். அந்தச் சோப்பை ஆட்டுக்குட்டி கூட மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வெட்கத்தை விட்டு மறுபடியும் சிம்மக்கல் போனேன். பாய் பேஸை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, பால் ஊத்துனீங்களாக்கா என்று மட்டும் கேட்டார். இந்தத் தடவை சொன்னபடி செய்தேன். வெந்நீர்ச் சட்டி மேல் வைத்து, கரண்டியால் நுரை எழாமல் மெதுவாகக் கிண்டி, உருகியதும் இறக்கி, பாதியில் மட்டும் கஸ்தூரி மஞ்சள் பொடியை எண்ணெயில் குழைத்துக் கலந்து, இரண்டு சொட்டு வாசனை விட்டு ஊற்றினேன். பூ அச்சு, சங்கு அச்சு, வட்ட அச்சு. ஆறியதும் அச்சைத் திருப்பி அமுக்கினால் பொத்தென்று கையில் விழுகிறது பார், அந்தச் சந்தோஷம் எனக்குச் சமையலில் கூட வந்ததில்லை. தாமரைப்பூ மாதிரி இதழ் இதழாக, ஒன்றில்கூடப் பொத்தல் இல்லை. உன் அப்பா ஒன்றை எடுத்துப் போய்க் குளித்துவிட்டு வந்து, கையை மோந்து பார்த்துக்கொண்டே நல்லாத்தான் இருக்கு என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை என்று உனக்கே தெரியும். ஒரு வாரம் மத்தியானம் முழுக்க அதே வேலைதான், எல்லாவற்றையும் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கினேன்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பித்தளைத் தட்டுகளைத் துலக்கி வைத்துச் சீர் அடுக்க உட்கார்ந்தேன். தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, பாவாடை, கொலுசு எல்லாம் வைத்தாயிற்று. சோப்புத் தட்டுக்கு வந்தபோது எனக்கு ஒப்பவில்லை. பாலிதீன் தாள் சுற்றிய பண்டத்தைச் சீர்த் தட்டில் வைத்தால் கடையில் வாங்கிப் பிரிக்காமல் அப்படியே தூக்கி வந்த மாதிரி இருக்காதா. மஞ்சள் குங்குமம் வைக்கவும் வழியில்லை. எல்லாத் தாளையும் பிரித்துப் போட்டேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, வெற்றிலை பரப்பி அதன் மேல் அடுக்கி, வாடக் கூடாது என்று தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரத்தைச் சுற்றி, சிவப்புத் துணியால் மூடிக் கட்டிவிட்டேன். அம்மன் சன்னதியில் வைக்கலாம், அப்படி இருந்தது. பாய் சொன்னது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

விடிந்து திருப்பரங்குன்றம் போனோம். சன்னதித் தெருவுக்குப் பக்கத்திலேயே மாப்பிள்ளை வீட்டார் சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. கோயிலில் மொட்டை நல்லபடியாக முடிந்தது, அந்த வீடியோவைத்தான் உன் அப்பா உனக்கு அனுப்பினார். மண்டபத்துக்கு வந்து சீர்த் தட்டுகளை வரிசை வைத்து, நான்தான் முதலில் சோப்புத் தட்டின் துணியை எடுத்தேன். துணியே சொதசொதவென்று நனைந்திருந்தது. அந்தச் சோப்பில் இருக்கும் கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுக்குமாம். மழைக் காற்று, ஈரப் பூ, வெற்றிலை, மேலே மூடிய துணி, கேட்க வேண்டுமா. ஒவ்வொரு சோப்பும் முத்து முத்தாக வியர்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, குங்குமம் கரைந்து சிவப்பாக வழிந்து, தட்டில் தண்ணீர் நிற்கிறது. வெள்ளைத் தாமரையெல்லாம் அடிபட்டு வந்த மாதிரி இருந்தது. சுந்தரம்மாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். நல்ல மனுஷிதான், ஆனால் வாய் சும்மா இருக்காது. என்ன மதினி, தாய்மாமன் சீரு இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கு, நடந்தே வந்துச்சா என்றார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, நல்ல நாளும் அதுவுமாக அழக் கூடாது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்விட்டேன்.

பின்னாலேயே உன் தங்கச்சி வந்தாள். தட்டே வரக் கூடாது என்றவள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து ஒவ்வொரு சோப்பாகப் பிரித்துத் துடைக்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். சங்குச் சோப்பு ஒன்றைத் துடைத்துக்கொண்டே, இம்புட்டையும் நீ ஒத்தையாவா செஞ்ச என்று கேட்டாள். ஆமாம், உன் அண்ணன் இல்லையே, அவன் இடத்தில் நான் நின்று செய்தேன் என்றேன். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு, அவன் போன் பண்ணுனானா என்று கேட்டாள். காலையிலிருந்து நாலு தடவை பண்ணிவிட்டான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் துடைத்தாள். ஈரம் போனதும் சோப்பெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது, குங்குமக் கறை மட்டும் அங்கங்கே இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்டது, அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

வெளியே காது குத்த நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஆசாரி பலகையில் ஊசியும் தோடும் எடுத்து வைத்துவிட்டார். வீரணன் புது வேட்டி கட்டிச் சந்தனம் பூசி மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான், பாவம், அவன் நமக்காகத்தான் வயல் வேலையை விட்டு வந்தவன். பாப்பாவைத் தூக்கி அவன் மடியில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. உன் தங்கச்சி பாப்பாவை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். வைம்மா, நேரமாகுது என்றார் மாப்பிள்ளை. அவள் வீரணனைப் பார்த்து, கோவிச்சுக்காதீங்கண்ணே, எந்திரிச்சுக்கங்க என்றாள். மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரம்மாள் முன்னால் வந்து, என்ன தாயி இது, ஆளுக்கு ஆள் பார்த்துக்கிட்டு இருக்காக, மாமன் வரலைன்னா அண்ணன் முறைக்காரன் உட்காருறது வழக்கந்தானே என்றார்கள். அதற்கு உன் தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் சீர எங்கம்மா செஞ்சிருச்சு, அவன் மடிக்கு வீரணன் அண்ணே உக்காந்திருக்காக. இப்படி எல்லாரும் சேந்து அவன் எடத்த அடைச்சுட்டா, அவன் வாரப்ப எங்க உக்காருவான்?"

வீரணன்தான் முதலில் எழுந்தான், எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கச்சி சொல்றது நியாயந்தான் என்று பாப்பா கன்னத்தைத் தட்டிவிட்டுப் பந்தி கவனிக்கப் போய்விட்டான். அவன் மனசு யாருக்கு வரும், அவனுக்கும் ஒரு போன் போடு. சுந்தரம்மாள் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றார்கள், பிறகு என்ன நினைத்தார்களோ, சரி, ஆசாரிக்கு இலை போடுங்க என்று சொல்லிவிட்டுத் தோட்டை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். பாவாடையும் கொலுசும் தட்டோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்து பீரோவில் இருக்கின்றன, நீ வந்துதான் உன் கையால் தூக்க வேண்டுமாம். சோப்பை மட்டும் சீராக இல்லாமல் சும்மா வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். இப்போது சுந்தரம்மாளே அடுத்த கல்யாணத்துக்கு எனக்கும் செய்து கொடுங்கள் மதினி என்று கேட்டிருக்கிறார்கள், தாளைப் பிரிக்காமல் கொடுப்பேன் என்றேன். அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் அப்பா அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, நம்ம பிள்ளைகளை நல்லாத்தான் வளர்த்திருக்கோம் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். எனக்கு அதற்கப்புறம் மனசு நிறைந்துவிட்டது, ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அப்பா சொன்னார், அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. பிறகு வீடியோவில் பேசியபோது பாப்பாவுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று குல்லா மாட்டியிருந்ததால் காது இன்னும் குத்தாதது உனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது, சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று உன் தங்கச்சி எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டாள். நான் வாயால் சொல்லவில்லை, எழுதிவிட்டேன். நீ வேலைக்குப் போனதையும் வராததையும் நான் குற்றம் சொல்லவில்லை ராசா, உன் உழைப்பில்தான் இந்த வீட்டுக் கூரை நிற்கிறது. ஆனால் இன்னொரு தடவை அவளிடம் வேறு யாரையாவது வைத்து முடித்துவிடு என்று சொல்லிவிடாதே. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. அவளுக்குப் போடு. முதலில் எடுக்க மாட்டாள், விடாதே, மறுபடி போடு. எடுத்ததும் லீவு கிடைக்கவில்லை, முதலாளி அப்படி, மன்னித்துக்கொள் என்று நீட்டி முழக்காதே, தை மாசம் என்றைக்கு வந்து இறங்குகிறாய் என்பதை மட்டும் சொல், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். சோப்பைத் தண்ணீர் நிற்கிற இடத்தில் வைக்காதே, கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, கண்ட நேரத்தில் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. பாண்டிகோயில் சாமி உனக்குத் துணையிருந்து, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நீ நீண்ட ஆயுசோடு இருக்க அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். ஆசாரி மறுபடியும் எப்போது வரட்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியதற்கு, எங்க அண்ணே தேதி சொன்னதும் சொல்லி விடுறேன் என்று உன் தங்கச்சி பதில் அனுப்பியிருக்கிறாள். அந்த மனுஷர் இப்போது தெருவில் பார்க்கும் போதெல்லாம் உன் அப்பாவை நிறுத்தித் தேதி கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோ. செல்லத்தாய்